திருப்பலியின் நடுவே எழுந்த எதிர்ப்பு: நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயம், டிசம்பர் 1989

1989 டிசம்பர் 10, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. நியூயார்க் ஐந்தாம் அவென்யூவிலுள்ள புனித பேட்ரிக் பேராலயத்தில் காலை 10.15 மணித் திருப்பலிக்கு (பூசைக்கு) தலைமை தாங்கியவர் பேராயர் கர்தினால் ஜான் ஓ'கானர். நகர மேயர் எட் காச் முன்வரிசையில் இருந்தார். வெளியே தெருவில் ஏறத்தாழ 4,500 பேர் திரண்டிருந்தார்கள். அவர்களை அழைத்தவை இரண்டு அமைப்புகள்: எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய 'ஆக்ட் அப்', பெண்களின் உடல்நல உரிமைக்காகப் போராடிய 'வாம்'. மறையுரை (குரு மக்களுக்கு ஆற்றும் உரை) நேரத்தில், ஏற்கெனவே மக்களோடு மக்களாக உள்ளே அமர்ந்திருந்த சிலர் இருக்கை வரிசைகளுக்கு நடுவிலுள்ள நடைபாதையில் பிணம்போல் படுத்தார்கள். ஒருவர் இருக்கைமேல் ஏறி நின்று கத்தினார், மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். சிலர் இருக்கைகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். எழுந்து நடக்க மறுத்தவர்களைக் காவல்துறையினர் ஸ்ட்ரெச்சரில் கிடத்தித் தூக்கிச் சென்றார்கள். பிறகு நற்கருணை (கிறிஸ்துவின் திருவுடலாகக் கத்தோலிக்கர் நம்பும் அப்பம்) வழங்கும்போது, கையில் வாங்கிய அப்பத்தை ஒருவர் நொறுக்கித் தரையில் போட்டார். அன்று கைதானவர்கள் 111 பேர். அவர்களில் 43 பேர் ஆலயத்துக்குள் பிடிபட்டவர்கள்.

மறுநாள் செய்திகளில் மேலோங்கி நின்றது தரையில் விழுந்த அந்த அப்பம். தெருவில் நின்ற 4,500 பேரின் கோரிக்கை என்ன என்பது பின்னுக்குப் போனது. மாநில ஆளுநர் மரியோ குவோமோவும், அடுத்த மேயராகப் பதவியேற்கவிருந்த டேவிட் டிங்கின்ஸும் ஆலயத்துக்குள் நடந்ததைக் கண்டித்தார்கள். போராட்டக்காரர்களுக்குள்ளேயே இதைப் பற்றிப் பல ஆண்டுகள் வாதம் ஓடியது. வழிபாட்டின் நடுவே எதிர்ப்பு நுழைந்தால் திருப்பலியின் எந்தப் பகுதியில் என்ன உடைகிறது, ஏன் உடைகிறது, இரு தரப்பும் எங்கே தவறின என்று பார்க்க இந்த நிகழ்வைப்போல் உதவும் வேறொன்று எளிதில் கிடைக்காது.

பின்னணி

இதைப் பக்தர்களுக்கும் பக்தியற்றவர்களுக்கும் நடந்த சண்டையாகப் படித்தால் பாதிக்குமேல் தவறிவிடும். அமெரிக்காவில் பதிவான எய்ட்ஸ் நோயாளிகளின் எண்ணிக்கை 1989 ஆகஸ்டில் 1,00,000-ஐத் தாண்டியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். 1987 மார்ச்சில் தொடங்கிய ஆக்ட் அப்பின் கூட்டங்களில் பேசியவர்கள் பலருக்குத் தாங்கள் அடுத்த ஆண்டு இருப்போமா என்பது தெரியாது. கத்தோலிக்கராக வளர்ந்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள்.

ஓ'கானர் மீதான கோபத்துக்குக் காரணங்கள் தெளிவானவை. ஆணுறை பற்றிய கல்வியையும் போதை ஊசி போடுவோருக்குத் தூய ஊசி தருவதையும் அவர் எதிர்த்தார். அந்த எதிர்ப்பு ஆலயச் சுவருக்குள் நிற்கவில்லை, நகரின் பொதுப் பள்ளிகளில் என்ன கற்பிக்கலாம் என்ற விவாதத்திலும் நுழைந்தது. 1987-ல் அதிபர் ரீகன் அமைத்த எய்ட்ஸ் ஆணையத்தில் அவர் உறுப்பினர். கருக்கலைப்பு மருத்துவமனைகளின் வாயிலை மறித்த இயக்கத்தைப் பாராட்டியும் பேசியிருந்தார்.

மறுபக்கமும் உண்மை. அவருடைய உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த புனித கிளாரா மருத்துவமனை, எய்ட்ஸ் நோயாளிகளைப் பலரும் தொடவே அஞ்சிய 1985-ல் அவர்களுக்கெனத் தனிப் பிரிவு திறந்தது. கர்தினாலே நோயாளிகளிடம் நேரில் போவார். அதே மனிதர் பொதுக் கொள்கையில் எடுத்த நிலைப்பாடு மரணத்துக்கு வழி திறக்கிறது என்பதுதான் எதிர்த்தவர்களின் குற்றச்சாட்டு. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இன்னொரு முன்கதையும் உண்டு. தன்பாலீர்ப்புள்ள கத்தோலிக்கர்களின் 'டிக்னிட்டி' அமைப்பு, மன்ஹாட்டனில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் தனித் திருப்பலி நடத்திவந்தது. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1986-ல் விடுத்த கடிதத்தையொட்டி 1987-ல் அது நிறுத்தப்பட்டது. பிறகு அவ்வமைப்பினர் புனித பேட்ரிக் பேராலயத்துக்கு வந்து, கர்தினாலின் மறையுரை முழுவதும் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து நின்றார்கள். அதற்கும் கைது நடந்தது, நீதிமன்றத் தடையும் வந்தது. மௌனமாக நின்றவர்களையும் அப்புறப்படுத்திய இடத்தில்தான் இரண்டு ஆண்டுகள் கழித்து கூக்குரல் எழுந்தது. இந்த வரிசையை மறந்துவிட்டு டிசம்பர் 10-ஐ மட்டும் எடுத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஏன் மறையுரையில்?

வழிபாட்டில் நுழையும் எதிர்ப்பு பெரும்பாலும் மறையுரையைத் தேர்ந்தெடுக்கிறது. காரணம் திருப்பலியின் அமைப்பிலேயே இருக்கிறது. திருப்பலியின் சொற்கள் யாரை நோக்கிப் போகின்றன என்று பாருங்கள். பாவ மன்னிப்பு வழிபாடு இறைவனிடம் இரக்கம் கேட்பது. பொது மன்றாட்டு இறைவனிடம் கேட்பது. நற்கருணை மன்றாட்டு முழுவதும் தந்தையாகிய இறைவனை நோக்கியது. அதைச் சொல்லும் குரு மக்களிடம் பேசவில்லை, மக்களோடு சேர்ந்து இறைவனிடம் பேசுகிறார். வாசகங்களில் இறைவன் மக்களிடம் பேசுகிறார். மனிதர் ஒருவர் நீண்ட நேரம் தம் சொந்தச் சொற்களில் மனிதர்களிடம் பேசும் இடம் மறையுரை மட்டுமே. அறிவிப்புகளை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஆலயம் ஒரு பொதுக்கூட்டத்தின் தோற்றத்தைப் பெறுகிறது. பேச்சாளர் இருக்கிறார், கேட்போர் இருக்கிறார்கள். மறுப்பவனும் அங்கே தனக்கு இடம் இருப்பதாக நினைக்கிறான்.

அதனால்தான் மறையுரையின் கட்டுப்பாடு குருவின் தனிப்பட்ட ரசனையைச் சார்ந்தது ஆகாது. திருச்சபைச் சட்டம் 767 மறையுரையை வழிபாட்டின் பகுதி என்றே வரையறுக்கிறது. மறையுரையின் கருப்பொருள் அன்றைய வாசகங்களும் வழிபாட்டு நூலின் பகுதிகளும்தான். அங்கே நின்று எந்த மசோதாவை ஆதரிப்பது, யாருக்கு வாக்களிப்பது என்று பேசும் குரு, பீடத்தருகே ஒரு அரசியல் மேடையைப் போட்டுவிட்டார். மேடை போட்ட பிறகு எதிர்க்குரல் வந்தால் அதை அவமதிப்பு என்று மட்டும் சொல்லி நகர முடியாது. 2004-ல் வெளியான 'மீட்பின் அருட்சாதனம்' அறிவுறுத்தலின் 78-ஆம் எண், திருப்பலியை அரசியல் நிகழ்வுகளோடு பிணைக்கக் கூடாது என்கிறது. அது குழப்பம் விளைவிப்பவரை நோக்கி எழுதப்பட்டதில்லை, திருப்பலி நிறைவேற்றுவோரை நோக்கி எழுதப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு 22-ஆம் எண்ணில், குருவாகவே இருந்தாலும் எவரும் தாமாக வழிபாட்டில் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. திருப்பலி எதிர்ப்பாளரின் மேடை ஆகாதென்றால் கர்தினாலின் மேடையும் ஆகாது.

அன்றைய வாசகங்களைக் கவனித்தால் மனம் கனக்கிறது. 1989-ன் திருவருகைக் காலத்தோடு தொடங்கியது மூன்றாண்டுச் சுழற்சியின் முதலாம் ஆண்டு வாசக வரிசை. இரண்டாம் ஞாயிற்றுக்கு அதில் வருபவை எசாயா 11-ம் மத்தேயு 3-ம். எசாயா, ஏழைகளுக்கு நேர்மையோடு நீதி வழங்கப்போகிறவரைப் பற்றிப் பாடுகிறார். மத்தேயு காட்டும் திருமுழுக்கு யோவான், சமயத் தலைவர்களைப் பார்த்து 'விரியன் பாம்புக் குட்டிகளே' என்கிறார். சமயத் தலைமையைக் கண்டிக்கும் மிகக் கடுமையான சொற்களுள் ஒன்று, வழிபாட்டின் வரிசைப்படியே, அன்று நற்செய்தியாக வரவேண்டியிருந்தது. யோவான் நின்று பேசிய இடம் பாலைநிலம், அவரைத் தேடி மக்கள் நகரிலிருந்து வெளியே போனார்கள். எதிர்த்தவர்களும் கர்தினாலும் ஒரே வாசகத்தின் கீழ் அமர்ந்து அதைக் கேட்டிருக்க முடியும். அதற்குப் பிறகு வந்த நிமிடங்களில்தான் எல்லாம் உடைந்தது.

மௌனம் ஏன் நிலைக்கவில்லை

உள்ளே போகத் தீர்மானித்தவர்களின் அடிப்படைத் திட்டம் சத்தமில்லாமல் படுத்துக்கிடப்பது. இறந்தவர்களை அது நினைவூட்டும், யாருடைய ஜெபத்தையும் அடக்காது. திட்டம் சில நிமிடங்களில் சிதைந்ததற்கு முதல் காரணம் அமைப்பு முறை. ஆக்ட் அப்பில் சிறு சிறு குழுக்கள் தத்தம் செயலைத் தாங்களே வகுத்துக்கொள்ளும். தெருவில் இது பலம், ஒரு குழு பிடிபட்டாலும் மற்றவை தொடரும். வழிபாட்டுக்குள் இதுவே பலவீனமாயிற்று. படுத்துக்கிடப்பது ஒரு குழுவின் திட்டம், கத்துவது இன்னொருவரின் முடிவு, சங்கிலி வேறொருவருடையது. நூறு பேர் மௌனமாக இருந்தாலும் ஒருவர் கத்தினால் அது கூச்சல்தான். ஒருவரின் செயலே எல்லோருடைய செயலாகவும் பதிவாகும்.

இரண்டாவது காரணம் ஆலயத்தின் உடல்மொழி. மக்கள் அமர்ந்திருக்கும்வரை நடைபாதையில் கிடப்பவர்கள் கண்ணில் படுவார்கள். கர்தினால் மறையுரையை விட்டுவிட்டு மக்களை ஜெபத்துக்கு அழைத்தார். எல்லோரும் எழுந்து நின்று ஜெபித்தபோது கிடந்தவர்கள் மறைந்துபோனார்கள். மௌனச் செய்தி யாருக்கும் எட்டாது என்ற நிலையில் குரல் உயர்வது எதிர்பார்க்கக்கூடியதே.

அந்த நிமிடத்தில் கர்தினால் செய்தது சரி. ஒலிபெருக்கியில் வாக்குவாதம் செய்யவில்லை. திருப்பலியை நிறுத்தி மக்களை அனுப்பிவிடவும் இல்லை. எல்லோருக்கும் மனப்பாடமான ஜெபத்தைத் தொடங்கும்போது கூட்டம் பதற்றத்திலிருந்து மீள்கிறது, எதிர்ப்பாளரைக் கைவைத்துத் தள்ளும் எண்ணமும் அடங்குகிறது.

நற்கருணை வரிசை

மறையுரையில் நடந்தது குழப்பம். நற்கருணை வரிசையில் நடந்தது வேறு வகை. இதைச் சத்த அளவால் மதிப்பிட முடியாது, வரிசையில் நடந்தது ஓசையே இல்லாத செயல். 'கிறிஸ்துவின் திருவுடல்' என்று வழங்குபவர் சொல்ல, வாங்குபவர் 'ஆமென்' என்கிறார். வேறு எந்தச் சொல்லுக்கும் அங்கே இடமில்லை. எய்ட்ஸுக்கு இரண்டு மகன்களைப் பறிகொடுத்த தாயும், எய்ட்ஸ் நோயாளியைத் தொட மறுத்த மருத்துவரும் ஒரே வரிசையில் ஒரே சொல்லைச் சொல்லி வாங்கும் இடம் அது. அங்கே தன் கருத்தைப் பதிப்பவர் கர்தினாலைத் தாக்குவதாக நினைக்கலாம். பின்னால் நிற்கும் தாய்க்கு அது தன் கையிலிருந்து பறித்ததாகவே தோன்றும்.

நடைமுறை விவரம் ஒன்று. அமெரிக்காவில் நற்கருணையைக் கையில் வாங்க அனுமதி வந்தது 1977-ல். வாங்கியவர் வழங்குபவரின் முன்னேயே உட்கொள்ள வேண்டும், கையில் வைத்துக்கொண்டு நகரக் கூடாது. அவமதிப்பு நேரும் ஆபத்து இருந்தால் கையில் தரவே கூடாது என்று 'மீட்பின் அருட்சாதனம்' 92-ஆம் எண் பிற்பாடு எழுதியது. அப்பம் விழுந்தாலோ, நொறுங்கினாலோ வழங்குபவர் வரிசையை உடனே நிறுத்த வேண்டும். விழுந்ததை மரியாதையோடு எடுக்க வேண்டும். துகள்கள் சிதறியிருந்தால் அந்த இடத்தின்மேல் யாரும் மிதிக்காதபடி வெள்ளைத் துணி விரித்து, வரிசையைச் சற்றுத் தள்ளி நடத்தி, திருப்பலி முடிந்தபின் தரையை ஈரத்துணியால் துடைத்து, அந்த நீரை மண்ணுக்குள் நேரே வடியும் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். சாக்கடையில் ஊற்றக் கூடாது. பதற்றத்தில் பலரும் மறப்பது துணி விரிப்பதைத்தான். எதிர்ப்பாளரைத் துரத்தும் அவசரத்தில் துகள்கள்மேலேயே தன்னார்வலர்கள் ஓடுவார்கள்.

சட்ட விளைவு என்ன? 1989-ல் நடப்பிலிருந்த திருச்சபைச் சட்டம் 1367, 2021 திருத்தத்துக்குப் பின் 1382. திருவுடலை எறிந்தாலோ, அவமதிக்கும் நோக்கோடு எடுத்துச் சென்றாலோ தன்னால் விழும் திருச்சபை நீக்கம், அதுவும் திருத்தந்தையின் ஆட்சிப்பீடம் மட்டுமே நீக்கக்கூடியது. இதை ஒரு வரியில் சொல்லி ஒருவரை நீக்கப்பட்டவர் என்று அறிவித்துவிடுவது பிழை. செயல் முழு அறிவோடும் முழு மனத்தோடும் நடந்திருக்க வேண்டும். கடும் உணர்ச்சிக் கொந்தளிப்பு பொறுப்பைக் குறைத்திருந்தால், சட்டம் 1324-ன்படி தன்னால் விழும் தண்டனை விழாது. நண்பர்களை வாராவாரம் அடக்கம் செய்துவந்த ஒருவரின் மனநிலையை இந்த இடத்தில் கணக்கில் எடுப்பது சலுகை ஆகாது, சட்டமே அதைக் கேட்கிறது.

மெல்பர்னும் செயின்ட் பாலும்

சத்தமில்லாத, அவமதிப்பும் இல்லாத எதிர்ப்பு நற்கருணை வரிசையில் நின்றால்? 1998 மே 31, பெந்தகோஸ்து ஞாயிறு. மெல்பர்ன் புனித பேட்ரிக் பேராலயத்தில் தன்பாலீர்ப்புள்ள கத்தோலிக்கரும் அவர்களின் பெற்றோரும் நண்பர்களும் வானவில் நிறத் துண்டைத் தோளில் குறுக்காக அணிந்து வரிசையில் வந்தார்கள். பேராயர் ஜார்ஜ் பெல் அவர்களுக்கு நற்கருணை மறுத்தார். அந்த இயக்கம் அமெரிக்காவுக்கும் பரவியது. மினசோட்டாவின் செயின்ட் பால் பேராலயத்தில் பேராயர் ஹாரி ஃபிளின் சில ஆண்டுகள் துண்டு அணிந்தவர்களுக்கும் வழங்கினார். 2004 பெந்தகோஸ்து அன்று அவர்களைத் தடுக்க வேறு சிலர் நடைபாதையில் மண்டியிட்டு வழிமறித்தார்கள். நற்கருணையைக் காப்பதாகச் சொல்லி நற்கருணைக்குப் போகும் வழியை அடைத்தார்கள்! குருக்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் வழங்க வேண்டியதாயிற்று. 2005-ல் ஃபிளின், துண்டு எதிர்ப்பின் அடையாளமாகிவிட்டது என்று கூறி அதை அணிந்து வருவோருக்கு வழங்குவதை நிறுத்தினார்.

புனித பேட்ரிக் நிகழ்வோடு ஒப்பிட இது மிகவும் பயன்படும். துண்டு அணிந்தவர்கள் யாருடைய ஜெபத்தையும் அடக்கவில்லை, நற்கருணையை அவர்கள் விரும்பினார்கள். ஆயினும் வாங்குவதா மறுப்பதா என்பதே செய்தியாக ஆனவுடன் அந்த வரிசை இரு அணிகளும் வந்து நிற்கும் எல்லைக்கோடாகிவிட்டது. வழங்குபவருக்குக் கிடைப்பது இரண்டு வினாடி. அதற்குள் முன்னே நிற்பவரின் நோக்கத்தை அவர் தீர்ப்பிட முடியாது. சட்டம் 843 முறையாகக் கேட்பவர்களுக்கு அருட்சாதனங்களை மறுக்கக் கூடாது என்கிறது. சட்டம் 915 வெளிப்படையான பெரும் பாவத்தில் பிடிவாதமாய் நிலைத்திருப்பவரை விலக்கச் சொல்கிறது. ஒரு துண்டை வைத்து 915-க்குப் போவது மிக நீளமான பாய்ச்சல் என்பது எங்கள் கருத்து. அதேபோல், வழங்குபவரைத் தீர்ப்பாளராக மாற்றும் வகையில் வரிசையில் வருவதும் தவறு. இந்தப் பேச்சு திருப்பலிக்குச் சில நாள் முன்பே குருவின் இல்லத்தில் நடக்க வேண்டும்.

போலந்து நிகழ்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். கருக்கலைப்பு பற்றிய அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பு வந்த மூன்றாம் நாள், 2020 அக்டோபர் 25 ஞாயிறன்று, போஸ்னான் பேராலயத்தில் இளைஞர்கள் பதாகைகளோடு பீடத்தின்முன் வந்து நின்றார்கள். திருப்பலி தடைப்பட்டது. 32 பேர் மீது வழக்கு. வழிபாட்டை 'வன்மத்தோடு' குலைப்பதையே அந்நாட்டுத் தண்டனைச் சட்டம் 195 குற்றமாக்குகிறது. 2023-ல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஜெர்மனியில் 2013 கிறிஸ்துமஸ் நாளில் கொலோன் பேராலயப் பீடத்தில் ஏறிய பெண்ணுக்கு 1,200 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. இந்தியாவில் இதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா 300 உண்டு, ஓராண்டுவரை சிறை. அரசின் சட்டம் இதில் செய்யக்கூடியது அமைதியைக் காப்பது மட்டும். வழிபாட்டில் உடைந்ததை எந்த நீதிமன்றமும் ஒட்டிக் கொடுக்காது.

வழிபாடே சொன்ன எதிர்ப்பு

வழிபாட்டின் நோக்கம் இறைவனை நோக்கியது என்றால் அநீதிக்கு அங்கே இடமில்லை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். எல் சால்வடோர் அதைப் பொய்யாக்கியது. 1977 மார்ச் 12-ல் அருள்தந்தை ருதிலியோ கிராந்தே சுட்டுக்கொல்லப்பட்டார். பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, மார்ச் 20 ஞாயிறன்று உயர்மறைமாவட்டத்தின் எல்லாத் திருப்பலிகளையும் நிறுத்திவிட்டுத் தலைநகரப் பேராலயத்தில் ஒரே ஒரு திருப்பலி நிறைவேற்றினார். சுமார் 1,00,000 பேர் கூடினார்கள். அரசு எரிச்சலடைந்தது, திருத்தந்தையின் தூதரும் எதிர்த்தார். கவனிக்க வேண்டியது, ரொமேரோ திருப்பலிக்குள் எதையும் செருகவில்லை. முழக்கமும் இல்லை, பதாகைச் சடங்கும் இல்லை. வழிபாட்டு நூலில் இருப்பதையே செய்தார். எங்கே, எத்தனை பேரோடு, எந்த நாளில் என்பது மட்டும் மாறியது. பின்பு அவருடைய ஞாயிறு மறையுரைகளில் அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல்போனவர்கள் பெயர்கள் வரும். வாசகங்களை முழுதாக விளக்கிவிட்டே அந்தப் பட்டியலுக்கு வருவார். 1980 மார்ச் 24 அன்று மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றும்போதே அவரைச் சுட்டார்கள்.

வார்சாவில் அருள்தந்தை யெர்ஸி பொப்பியேலுஸ்கோ 1982 முதல் மாதந்தோறும் நிறைவேற்றிய 'தாய்நாட்டுக்கான திருப்பலி'களிலும் இதே கட்டுப்பாடு இருந்தது. முழக்கமிடாமல் அமைதியாகக் கலைந்துபோகும்படி மக்களைக் கேட்டுக்கொள்வார். இராணுவச் சட்டம் நிலவிய நாட்டில், கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் அதைக் கேட்டு நடந்தார்கள்.

இதனால் ரொமேரோவுக்குக் கிடைத்த வழி ஆக்ட் அப்புக்கும் கிடைத்தது என்று சொல்லிவிட முடியாது. ரொமேரோவிடம் பீடம் இருந்தது, அவர்களிடம் இல்லை. இந்த வேறுபாட்டை மறைப்பவர் நியாயம் பேசவில்லை. பீடம் உள்ளவர்கள்மேல் விழும் கடமை அதனாலேயே பெரிது. 1989-ல் நியூயார்க் ஆலயங்களில் பொது மன்றாட்டில் எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க வழிபாட்டு விதி எதுவும் தடையில்லை. பெயர் சொல்லி அடக்கத் திருப்பலி நிறைவேற்றத் தடையில்லை. ஆமோஸ் 5-ஐ வாசித்துவிட்டு, 'உங்கள் விழாக்களை வெறுக்கிறேன்' என்று இறைவன் சொல்வது இந்தப் பேராலயத்துக்கும்தான் என்று ஆயரே சொல்லத் தடையில்லை. திருவழிபாட்டைக் கண்டிக்கும் இறைவாக்குகள் திருவழிபாட்டுக்குள்ளேயே வாசிக்கப்படுகின்றன. அவற்றைக் கேட்கும்படி வாசிப்பது பீடத்தில் நிற்பவரின் வேலை.

எதிர்ப்பாளர்கள் அடிக்கடி சுட்டும் கோயில் தூய்மைப்படுத்தலையும் இங்கே சொல்லிவிடுவோம். இயேசு கவிழ்த்தவை நாணயம் மாற்றுவோரின் மேசைகள், புறா விற்போரின் இருக்கைகள். வணிகம் நடந்த முற்றம் அது. பலி கொடுத்துக்கொண்டிருந்த ஏழையின் கையை அவர் தட்டிவிட்டதாக எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. அதிகாரம் எங்கே முடிவெடுக்கிறதோ அங்கே எதிர்ப்பது அந்த முன்னுதாரணத்துக்கு நெருக்கமானது. ஆக்ட் அப்பே இதைச் செய்து வென்றது. 1989 செப்டம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்குள் நுழைந்து ஏஸெட்டி என்ற எய்ட்ஸ் மருந்தின் விலையை எதிர்த்தார்கள். சில நாள்களில் மருந்து நிறுவனம் விலையை 20 சதவீதம் குறைத்தது. பங்குச் சந்தையில் நின்றவர்களுக்கு விலையை மாற்றும் நிறுவனத்தின்மேல் நெருக்கடி தரும் பிடி இருந்தது. ஞாயிறு 10.15 பூசைக்கு வந்தவர்களின் கையில் எந்தக் கொள்கையும் இல்லை. கர்தினாலின் அலுவலகம், கல்வி வாரியக் கூட்டம், ஐந்தாம் அவென்யூ நடைமேடை எல்லாம் இருந்தன. திருவழிபாடு திருச்சபையின் செயல்பாடு முழுவதையும் அடக்கிவிடாது என்று வத்திக்கான் சங்கமே அதே கொள்கைத்திரட்டின் 9-ஆம் எண்ணில் சொல்லியிருக்கிறது. திருச்சபையிடம் கணக்குக் கேட்க வழிபாட்டுக்கு வெளியே இடம் நிறையவே உண்டு.

பங்கு ஆலயங்களுக்கான நடைமுறை

திருச்சபைச் சட்டம் 1221-ன்படி வழிபாட்டு நேரத்தில் ஆலய நுழைவு கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். எதிர்ப்பு வரும் என்று தகவல் கிடைத்தாலும் வாசலில் ஆள் பார்த்துத் தடுப்பது முதல் பிழை. 1969 கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் லாஸ் ஏஞ்சலிஸ் புனித பாசில் ஆலயத்தில் இதுதான் நடந்தது. பெரும் பொருட்செலவில் எழுந்த புது ஆலயத்தை ஏழை மெக்சிகோ வம்சாவளிக் கத்தோலிக்கர்கள் எதிர்த்தார்கள். கதவுகள் அடைபட்டன. வரவேற்புத் தொண்டர்களாக நின்றவர்களில் பணியில் இல்லாத காவலர்களும் இருந்தார்கள். நள்ளிரவுத் திருப்பலி கைகலப்பில் முடிந்தது.

தகவல் கிடைத்தால் செய்யவேண்டியவை சில. அமைப்பாளர்களை முன்னமே அழைத்துப் பேசி, திருப்பலிக்குப் பின் அவர்களைச் சந்திக்க நேரமும் இடமும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பலர் உள்ளே குரல் எழுப்பாமல் இருக்க அது உதவும். நடைபாதை ஓரங்களில் இரண்டிரண்டு பேராகப் பக்குவமான தொண்டர்களை நிறுத்துங்கள். அவர்கள் வேலை பேசுவது, தொடுவது அல்ல. காவல்துறையை அழைக்கும் முடிவை ஒரே ஒருவர் எடுக்க வேண்டும், அது குருவாக இருக்கக் கூடாது, அவர் பீடத்தில் இருப்பார். ஒலிபெருக்கிக் கட்டுப்பாடு யார் கையில் என்பதும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

குழப்பம் தொடங்கினால், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தே குரு முடிவெடுக்கிறார். இறைவாக்கு வழிபாட்டில் (வாசகங்களும் மறையுரையும் வரும் பகுதியில்) என்றால் நிறுத்தி, அனைவரையும் எழச்செய்து, தெரிந்த ஜெபம் ஒன்றையோ திருப்பாடலையோ தொடங்கலாம். மறையுரையை விட்டுவிட்டுத் தொடரலாம். காணிக்கைக்கு முன் நிலைமை கையை மீறினால் திருப்பலியை அங்கேயே விட்டு, பிறகு முதலிலிருந்து தொடங்கலாம். அர்ச்சிப்பு (அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் புனிதப்படுத்துவது) தொடங்கியபின் அப்படி முடியாது. அப்பத்தை மட்டும் அர்ச்சித்துவிட்டு திராட்சை இரசத்தை அர்ச்சிக்காமல் விடுவதைச் சட்டம் 927 எந்த அவசரத்திலும் அனுமதிக்கவில்லை. பழைய திருப்பலி நூல் இதற்குத் தெளிவான வழி வைத்திருந்தது: எதிரிகள் தாக்குதல், வெள்ளம், கட்டடம் இடியும் அச்சம் ஆகியவை அர்ச்சிப்புக்கு முன் வந்தால் நிறுத்து. பின் வந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நற்கருணை உட்கொள்வதற்கு நேரே போ. எல்லாக் குருவுக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நிகழ்வுக்குப் பின், ஆலயம் தூய்மை இழந்ததா என்ற கேள்வி எழும். சட்டம் 1211 அதை ஆயர் முதலான மறைமாவட்ட ஆட்சியரின் தீர்ப்புக்கு விடுகிறது. செயல் கடுமையானது, மக்களுக்கு இடறலானது, வழிபாடு தொடர இயலாத அளவுக்குப் புனிதத்துக்கு எதிரானது என்று அவர் கண்டால், பரிகாரச் சடங்கு நடக்கும்வரை அங்கே திருப்பலி இல்லை. பீடம் வெறுமையாக விடப்படும், பரிகாரச் சடங்குக்கு ஆயரே தலைமை தாங்குவார். கூச்சல் எதுவும் இந்த நிலையை எட்டாது. பங்குத்தந்தை தாமாகத் தீர்த்தம் தெளித்து 'தூய்மைப்படுத்தினோம்' என்று சமூக வலைத்தளத்தில் போடுவது, மறுபடி ஒரு மேடை போடும் வேலை.

திருவுடலை அவமதித்தவர் பின்னொருநாள் மனம் வருந்தித் திரும்பி வந்தால், ரோமுக்கு எழுதிவிட்டு வா என்று அனுப்பிவிடத் தேவையில்லை. அந்நிலையிலேயே நீடிப்பது அவருக்குப் பெரும் பாரமாக இருந்தால், சட்டம் 1357-ன்படி பாவ அறிக்கை கேட்கும் எந்தக் குருவும் அந்த அருட்சாதனத்திலேயே தண்டனையை நீக்கி மன்னிப்பு வழங்கலாம். ஒரு மாதத்துக்குள் உரிய அதிகாரத்துக்கு முறையிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த முறையீட்டைப் பெயர் குறிப்பிடாமல் குருவே எழுதி அனுப்பலாம்.